முந்திக் காட்டும் முள்

மனிதன் தன் புலன்களை நம்ப இயலாத இடங்களிலே தனக்குச் சாட்சியாக அமைத்துக்கொண்டவையே அளவு கருவிகள். கண் தூரத்தை மயங்கும்; கை பாரத்தை மயங்கும்; மனம் காலத்தை மயங்கும். கோலும் தராசும் மணிக்கூடும் மயங்கா என்ற நம்பிக்கையிலேயே வாணிகமும் நீதியும் நடைபெறுகின்றன. துலாக்கோலை நடுநிலைமைக்கே உவமையாகக் கொண்ட மரபு தமிழருடையது. ஒரு பக்கம் சாய்ந்த தராசை வைத்திருக்கும் வணிகனை உலகம் கள்வன் என்றே கூறும்; சட்டமும் அவனைத் தண்டிக்கும்.

ஆயினும், ஒரு பக்கம் சாய்ந்தே இருத்தல் வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டிருக்கும் அளவு கருவி ஒன்றும் உலகில் உண்டு. அது மோட்டார் வண்டிச் சாரதியின் கண்ணெதிரே அமைந்துள்ள வேகமானியாகும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் அவற்றைப் பின்பற்றும் பிற நாடுகளிலும் வழங்கும் விதியின்படி, வேகமானியின் முள் உண்மையான வேகத்திலும் குறைத்து ஒருபோதும் காட்டலாகாது, கூட்டிக் காட்டலாம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒன்றின் முள் 114 வரை சென்று நின்றாலும் அக்கருவியிற் குற்றமில்லை. அதே முள் 99 இல் நிற்குமாயின் அக்கருவி விதிக்கு மாறானது. அளவு கருவிக்கு இத்தகைய இலக்கணம் எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை யந்திரநூலில் மாத்திரம் இல்லை, வரலாற்றிலும் உண்டு.

பண்டைக்கால மக்கள் தரையிலே தூரத்தை அளந்தனரேயன்றி வேகத்தை அளந்தாரல்லர். கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டட வல்லுநரான விற்றுருவியஸ், வண்டி சென்ற தூரத்தைத் தானே எண்ணும் பொறியொன்றை விவரித்துள்ளார். வண்டிச் சில்லு 400 முறை சுழன்றால் 5000 அடி, அதாவது ஓர் உரோமானிய மைல், கடந்ததாகும். அப்பொழுது பற்சில்லுகளின் இயக்கத்தினால் ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் ஒலியுடன் விழும். பயண முடிவிலே கற்களை எண்ணினால் மைல்களின் தொகை தெரியவரும். சீன நாட்டிலும் குறித்த தூரம் கடந்ததும் மரப்பாவை முரசறையும் வண்டி இருந்ததாக அந்நாட்டு நூல்கள் கூறும். ஆனால் வேகம் என்பது தூரம் மட்டும் அன்று; தூரத்தைக் காலத்தால் வகுத்துப் பெறுவது. குதிரையின் வேகத்துக்கு மேல் எவரும் செல்லாத உலகிலே அவ்வாறு வகுத்துப் பார்க்கும் தேவையும் தரையில் எழவில்லை.

அத்தேவை முதலில் எழுந்தது கடலிலேயாகும். நடுக்கடலில் மைற்கல் இல்லை. கப்பல் எத்திசையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் சென்றது என்று கணித்தே மாலுமி தன் இருப்பிடத்தை அறிந்தான். இதற்காக எழுந்த கருவி, முடிச்சுக் கயிறு. 1574 இல் ஆங்கிலேயரான வில்லியம் போர்ண் வெளியிட்ட கடற்பயண நூலில் இம்முறை விவரிக்கப்பட்டுள்ளது. மரக்கட்டையொன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவர். கட்டை நீரில் நிற்க, கப்பல் முன்னே செல்ல, கயிறு ஓடும். மணற்கடிகையில் மணல் விழுந்து முடியும் வரை கயிற்றிலிருந்து எத்தனை முடிச்சுகள் ஓடின என்பதே கப்பலின் வேகம். கப்பலின் வேகத்தை முடிச்சுக் கணக்கிற் கூறும் வழக்கம் இன்றும் நிலவுவது இதனாலேயாகும்.

இக்கயிற்றில் ஒரு பிழை இருந்தது. 30 விநாடி மணற்கடிகைக்கு 42 அடிக்கு ஒரு முடிச்சு என்று மாலுமிகள் இட்டு வந்தனர். 5000 அடியை ஒரு மைலாகவும், அத்தகைய 60 மைல்களைப் பூகோளத்தின் ஒரு பாகையாகவும் கொண்டதனால் வந்த கணக்கு இது. பூமி அவர்கள் எண்ணியதிலும் பெரியது. 1633 ஆம் ஆண்டுக்கும் 1635 ஆம் ஆண்டுக்கும் இடையில் ரிச்சட் நோர்வூட் என்னும் கணித ஆசிரியர், இலண்டனிலும் யோர்க் நகரிலும் சூரியனின் உயரத்தை நோக்கி, இடைப்பட்ட பாதையையும் அளந்து, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஏறக்குறைய 6120 அடி என்று கண்டார். இன்றைய அளவு 6076 அடி என்பதை நோக்க, அவருடைய உழைப்பின் நுட்பம் வியப்பூட்டுவதாகும். 1637 இல் அவர் தமது முடிபை வெளியிட்டார். அதன்படி 30 விநாடிக் கடிகைக்கு முடிச்சுகள் 51 அடி இடைவெளியில் இருத்தல் வேண்டும். 42 அடியில் முடிச்சிட்ட கயிறு கப்பலின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மிகைப்படுத்திக் காட்டியது.

உண்மை அச்சேறிய பின்னும் மாலுமிகள் பலர் பழைய கயிற்றைக் கைவிடவில்லை. அதற்கு அறியாமை மாத்திரம் காரணமன்று. வேகத்தைக் கூட்டிக் காட்டும் கயிறு, கப்பல் உண்மையில் இருக்குமிடத்துக்கு முன்னதாகவே கணக்கை நிறுத்தும். கரை அருகில் வந்துவிட்டது என்று எண்ணி மாலுமி பாயைச் சுருக்கி, காவலை மிகுத்து, ஆழம் பார்ப்பான். கரையோ இன்னும் தொலைவிலிருக்கும். அதனால் சில மணி நேரம் வீணாகலாம். குறைத்துக் காட்டும் கயிறோ, கரை இன்னும் தொலைவில் என்று அவனை உறங்கச் செய்து, நள்ளிரவிலே பாறையில் மோதுவிக்கும். இரு பிழைகளும் எண்ணளவில் ஒன்றே, விளைவிலே ஒன்றல்ல. பிழை தவிர்க்க இயலாதது எனின், அது எப்பக்கம் சாய வேண்டும் என்பதையாவது மனிதன் தெரிந்துகொள்ளலாம். இக்கருத்தை மாலுமிகள் நூலாக எழுதி வைக்கவில்லை. கயிற்றில் முடிச்சாக இட்டு வைத்தனர். இன்றைய வேகமானியின் இலக்கணம் முழுவதும் அந்த முடிச்சுக்குள் அடங்கியிருந்தது எனலாம்.

தரையிலே வேகம் ஒரு வழக்காக மாறியது மோட்டார் வண்டியின் வருகையோடுதான். இங்கிலாந்தில் 1865 ஆம் ஆண்டுச் சட்டம், வீதியிற் செல்லும் யந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகர்ப்புறத்தில் 2 மைலும் எல்லையாக விதித்தது. 1896 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கென்ற் மாகாணத்திலுள்ள படொக் வூட் என்னும் ஊரிலே, வால்ற்றர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் தமது வண்டியைச் செலுத்தினார். கொன்ஸ்தாபல் ஒருவர் துவிச்சக்கர வண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேக மீறலுக்காக நீதவான் விதித்த தண்டம் ஒரு சிலிங். இன்று நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வழக்கே பிரித்தானியாவில் மோட்டார் சாரதியொருவர் வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் வழக்காகப் பொதுவாகக் கூறப்படுகின்றது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 17 ஆம் திகதி நிகழ்ந்தது நகைப்புக்குரியதன்று. இலண்டனிலுள்ள பளிங்கு மாளிகைப் பூங்காவில், காட்சிக்காக ஓட்டப்பட்ட மோட்டார் வண்டி மோதிப் பிரிட்ஜெட் டிரிஸ்கொல் என்னும் மாது மகளின் கண்ணெதிரே உயிரிழந்தார். பிரித்தானியாவில் மோட்டார் காரினால் மாண்ட முதற் பாதசாரி அவரே. மரண விசாரணையில் வண்டி எவ்வளவு வேகமாகச் சென்றது என்ற கேள்வி எழுந்தது. மணிக்கு 4 மைலுக்கு மேற் செல்லவில்லை என்றார் சாரதி. தீயணைக்கும் வண்டியின் வேகத்தில் வந்தது என்றார் சாட்சியொருவர். இருவருக்கும் இடையே எது உண்மை என்று கூறத்தக்க கருவி எதுவும் அவ்வண்டியில் இல்லை. தற்செயலான மரணம் எனத் தீர்ப்பாயிற்று. இத்தகைய சம்பவம் மீண்டும் நிகழாதென நம்புவதாக மரண விசாரணை அதிகாரி கூறினாராம். அந்நம்பிக்கை பலிக்கவில்லை என்பதை உலகம் அறியும்.

1896 ஆம் ஆண்டின் இறுதியில் எல்லை மணிக்கு 14 மைலாக உயர்த்தப்பட்டு, நடைமுறையில் 12 மைலாக வைக்கப்பட்டது. 1903 ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் அதனை 20 மைலாக்கியது. அச்சட்டத்தை ஆக்கியோர் ஓர் உண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். வேகத்தைப் பற்றி ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் கொண்டு எவரையும் குற்றவாளியாக்கலாகாது என்று அச்சட்டத்திலேயே விதித்தனர். மனிதக் கண் வேகத்தை அளப்பதற்குத் தக்கதன்று என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி இதுவாகும். ஆகவே பொலிசார் வீதியோரத்தில் குறித்த தூரத்தை அளந்து வைத்து, மறைந்து நின்று, நிறுத்துமணிக்கூட்டினால் வண்டிகளின் நேரத்தைக் கணித்தனர். அப்பொறிகளைப் பற்றிச் சாரதிகளுக்கு முன்னறிவித்தல் செய்வதையே முதல் வேலையாகக் கொண்டு 1905 இல் மோட்டார்ச் சங்கம் ஒன்று தோன்றியது. பொலிசாரிடம் மணிக்கூடு இருந்தது. சாரதியிடமோ ஊகமே இருந்தது. தன் வேகத்தைத் தானே அறிய இயலாத ஒருவனை வேகத்துக்காகத் தண்டித்தல் நியாயமா என்ற வினா அன்று எழுந்ததில் வியப்பில்லை.

வேகத்தைக் கணந்தோறும் காட்டும் கருவி அவ்வேளையிலேதான் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தோற்றம் ஒரு காந்த விந்தையில் உள்ளது. 1824 இல் பிரான்சிய விஞ்ஞானி அராகோ, சுழலும் செப்புத் தட்டின் மேல் தொங்கும் காந்த ஊசி, தட்டைத் தொடாமலே அதனுடன் சுழல முற்படுவதைக் கண்டார். செம்பு காந்தத்தால் இழுக்கப்படும் உலோகமன்று. ஆகவே காரணம் விளங்கவில்லை. 1831 இல் மைக்கேல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து அதனை விளக்கினார். காந்தத்துக்கும் உலோகத்துக்கும் இடையே அசைவு உண்டாகும்போது உலோகத்துள் மின்னோட்டங்கள் நீர்ச்சுழிபோலச் சுழன்று எழுகின்றன. அவை காந்தத்தை எதிர்த்து இழுக்கின்றன. அசைவு விரைவாயின் இழுப்பும் மிகும். இச்சுழிப்பு மின்னோட்டங்களைப் பின்னர் 1855 இல் பூக்கோ என்பவரும் ஆராய்ந்தார்.

இஸ்திரியா நாட்டவரான யோசிப் பெலுசிச் என்பவர் மின்னினால் இயங்கும் வேகமானி ஒன்றை ஆக்கி, 1889 இல் பாரிசு நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலே காட்டினார். ஆயினும் மோட்டார் உலகில் நிலைபெற்றது, ஸ்திராஸ்பூர்க் நகரத்து எந்திரவியலாளரான ஓட்டோ சூல்ற்சே 1902 ஆம் ஆண்டு அக்டோபர் 7 ஆம் திகதி பேர்லினில் உரிமைப் பத்திரம் பெற்ற கருவியேயாகும். அதன் அமைப்பு எளியது. வண்டியின் சில்லோடு அல்லது பற்சில்லுப் பெட்டியோடு இணைந்த வளையும் கம்பித்தண்டொன்று சாரதியின் எதிரேயுள்ள காந்தத்தைச் சுழற்றும். அக்காந்தத்தைத் தொடாமல் அலுமினியக் கிண்ணமொன்று அதைச் சூழ்ந்திருக்கும். சுழலும் காந்தம் சுழிப்பு மின்னோட்டத்தினாற் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும். மெல்லிய மயிர்ச்சுருள் வில்லொன்று அதைத் திரும்ப இழுக்கும். இரு இழுப்புகளும் சமமாகும் இடத்திலே, கிண்ணத்தோடு பொருந்திய முள் நிற்கும். மிகச் சில பாகங்களைக் கொண்ட இக்கருவி இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகின் கார்களிலெல்லாம் இடம்பெற்றது.

எளிமையே அதன் சிறப்பு. எளிமையே அதன் குறையுமாயிற்று. முள் நிற்குமிடம் காந்தத்தின் வலிமை, வில்லின் விறைப்பு, கிண்ணத்தின் மின்தடை ஆகிய மூன்றையும் பொறுத்தது. காந்தம் காலப்போக்கில் வலி குன்றும். வில் தளரும். அலுமினியத்தின் மின்தடையோ வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும் ஆயிரத்துக்கு நான்கு அளவில் ஏறும்; எனவே குளிர்ந்த காலையில் ஒரு வேகமும், வெயில் ஏறிய நண்பகலில் வேறொரு வேகமும் காட்ட அது இயல்பாகவே முற்படும். 25 பாகை வேறுபாடு நூற்றுக்குப் பத்து அளவு பிழையை உண்டாக்கப் போதுமானது. இதனை ஈடுசெய்வதற்கு, வெப்பம் ஏறினால் காந்த ஆற்றலைக் கடத்தும் தன்மை குறையும் நிக்கல்-இரும்புக் கலப்புலோகத் துண்டுகளைக் காந்தத்தோடு பொருத்தினர். குறை குறைந்தது, முற்றாக ஒழியவில்லை. கம்பித்தண்டு உராய்ந்தால் முள் நடுங்கும். நடுங்கும் முள்ளைப் பார்த்துச் சாரதி நடுவாக ஓர் எண்ணை ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கருவி குற்றமற்றது என்று கொண்டாலும் பிழை நீங்காது. ஏனெனில் வேகமானி உண்மையில் வேகத்தை அளப்பதில்லை. அது சில்லின் சுழற்சியையே எண்ணுகின்றது. ஒரு சுழற்சிக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையிற் குறித்த எண்ணை அது நம்புகின்றது. விற்றுருவியசின் வண்டிச் சில்லு மரத்தாலும் இரும்பாலும் ஆனது; அதன் பரிதி மாறாது. 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான ஜோன் பொயிட் டன்லப் காற்றடைத்த இறப்பர் ரயரை ஆக்கியதிலிருந்து சில்லின் பரிதி நிலையற்றதாயிற்று. காற்றுக் குறைந்தால் ரயர் நசுங்கும். பாரம் ஏறினாலும் நசுங்கும். ஓட ஓடத் தேயும்.

தேய்வின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இன்று பெருவழக்காகவுள்ள ரயர் வகையொன்றின் விட்டம் ஏறக்குறைய 634 மில்லிமீற்றர். புதிதாயிருக்கும்போது அதன் மேற்பரப்புப் பள்ளங்கள் சுமார் 8 மில்லிமீற்றர் ஆழமானவை. பல நாட்டுச் சட்டங்கள் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6 மில்லிமீற்றர். அந்நிலையை அடையும்போது விட்டம் ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் குறைந்துவிடும். இது நூற்றுக்கு இரண்டாகும். சிறுத்த சில்லு அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுழலும். முள்ளும் கூட்டிக் காட்டும். இதற்கு மாறாக, வண்டியின் உடைமையாளர் அழகு கருதியோ வலிமை கருதியோ பெரிய ரயர்களைப் பூட்டுவாராயின், சில்லு குறைவாகச் சுழலும். முள் உண்மையிலும் குறைத்துக் காட்டும். அவர் மெதுவாகச் செல்வதாக நம்பிக்கொண்டே விரைந்து செல்வார். தேய்ந்த ரயர் தரும் பிழை சாரதியைக் காக்கும் பிழை. பெரிய ரயர் தரும் பிழை அவரை ஏமாற்றும் பிழை.

இவ்வாறு கருவியிலும் சில்லிலும் இயற்கையாகவே பிழை உள்ளது என்றால், அப்பிழையின் பாரத்தைச் சுமப்பவர் யார்? இவ்வினா இங்கிலாந்தில் 1930 ஆம் ஆண்டுகளிலே கூர்மையடைந்தது. 1930 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் சாதாரணக் கார்களுக்கிருந்த வேக எல்லையை முற்றாக நீக்கியது. 1934 இல் பிரித்தானிய வீதிகளில் மாண்டோர் தொகை 7343. கார்கள் இன்று உள்ளவற்றிற் சிறு பங்கே ஓடிய காலத்தில் இத்தொகை நாட்டை உலுக்கியது. அவ்வாண்டின் சட்டத்தினால், வீடுகள் நெருங்கிய பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் என்னும் எல்லை 1935 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. எல்லை விதித்தால் அதனை அறியும் வழியும் சாரதிக்கு வேண்டும் அன்றோ? ஆதலால் 1937 அக்டோபர் மாதம் முதலாம் திகதியிலிருந்து புதிதாகப் பயன்பாட்டுக்கு வரும் வண்டிகளுக்கு வேகமானி கட்டாயமாயிற்று. வேகமானி அலங்காரப் பொருளாயிருந்த காலம் முடிந்து, சட்டத்தின் கருவியாகிய காலம் அன்று தொடங்கியது.

பிரித்தானிய விதிகள் நெடுங்காலமாக மணிக்கு 10 மைலுக்கு மேற்பட்ட வேகங்களில் நூற்றுக்குப் பத்து என்னும் பிழையை இரு பக்கமும் அனுமதித்தன. தராசின் நடுநிலைமை போன்றதே இது. ஆயினும் இந்நடுநிலைமையின் விளைவை நோக்க வேண்டும். முள் 30 இல் நிற்பதைக் கண்டு மனநிறைவோடு செல்லும் சாரதி, உண்மையில் 33 மைல் வேகத்திற் செல்லலாம். ஓடும் பொருளின் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் நூற்றுக்குப் பத்துக் கூடினால் மோதலின் ஆற்றல் நூற்றுக்கு 21 கூடும். அப்பிழைக்கு விலை கொடுப்பவர் முள்ளைப் பார்த்த சாரதி அல்லர். முள்ளையே காணாத பாதசாரி. மேலும், பொலிசார் நிறுத்தினால், குற்றம் செய்யும் எண்ணம் சிறிதுமின்றி விதியை மதித்த மனிதர் நீதவான் முன் நிற்பார். 1950 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்நீதிமன்றம், பொலிஸ் காரின் வேகமானி சோதிக்கப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாதவிடத்தும் அதன் வாசிப்பைச் சான்றாக ஏற்கலாம் என்று ஒரு வழக்கிலே தீர்ப்பளித்தது. முள்ளின் வாசிப்பு எவ்வளவு பாரமானது என்பது இதனாற் புலப்படும்.

தன் வேகமானியை நம்பாத ஒருவரின் செயலும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்தரான மோரிஸ் கற்சொனிடிஸ், 1953 இல் மொன்ரே கார்லோ மோட்டார்ப் போட்டியில் வென்ற வீரர். வளைவுகளிலே தாம் செல்லும் வேகத்தைத் துல்லியமாக அறிந்து இன்னும் விரைந்து ஓட்டுவதற்காக, வீதியிற் குறித்த இரு இடங்களை வண்டி கடக்கும் நேரத்தை அளக்கும் கருவியொன்றை அவர் ஆக்கினார். அவருடைய கருவியின் வழிவந்தவற்றையே பின்னர் பல நாட்டுப் பொலிசாரும் வேகம் மீறுவோரைப் பிடிக்கப் பயன்படுத்தினர். விரைவதற்கென்று பிறந்த கருவி விரைவோரை அடக்கப் பயன்பட்டது. வண்டிக்குள்ளே மதிப்பீடு, வண்டிக்கு வெளியே துல்லியம் என்ற நிலைமை இதனால் மேலும் வலுப்பெற்றது.

இம்முரண்பாட்டுக்கு ஐரோப்பா கண்ட தீர்வு, பழைய மாலுமியின் தீர்வேயாகும். 1975 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வெளியிட்ட பணிப்புரையும், ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் கீழ் 1978 இல் நடைமுறைக்கு வந்த 39 ஆம் இலக்க ஒழுங்குவிதியும் இரு பக்கப் பிழையை ஒரு பக்கப் பிழையாக்கின. காட்டப்படும் வேகம் உண்மை வேகத்திற் குறையலாகாது. உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீற்றரைக் கூட்டிய அளவுக்கு மேல் மிகுதலும் ஆகாது. இதன்படி 50 கிலோமீற்றர் வேகத்துக்கு 59 வரையும், 80 க்கு 92 வரையும் முள் காட்டலாம். அவுஸ்திரேலியாவும் நூற்றுக்குப் பத்து என்னும் தன் பழைய இருபக்க விதியைக் கைவிட்டு, 2006 ஆம் ஆண்டிலிருந்து புதிய வண்டி வகைகளுக்கு இவ்வழியையே மேற்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவோ வாணிப வண்டிகளுக்கு 50 மைல் வேகத்தில் 5 மைல் கூடவோ குறையவோ காட்டலாம் என்ற இருபக்க விதியையே வைத்துள்ளது. பிழை எப்பக்கம் சாய வேண்டும் என்பதில் நாடுகள் ஒருமனப்படவில்லை.

ஒரு பக்க விதியின் விளைவு எளிதில் விளங்கும். ஒரே தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட ஆயிரம் கருவிகளும் ஒன்றுபோல இரா. அவற்றுட் சில மூன்று மைல் கூட்டியும் சில மூன்று மைல் குறைத்தும் காட்டும் என்று கொள்வோம். குறைத்துக் காட்டும் கருவி ஒன்றேனும் விற்பனைக்குச் செல்லலாகாது என்றால், உற்பத்தியாளர் செய்யக்கூடியது ஒன்றே: எல்லாக் கருவிகளின் நடுநிலையையும் மூன்று மைலுக்குக் குறையாமல் முன்னே தள்ளி வைத்தல். அதன்மேல், சற்றே பெரிய ரயர்களுக்கும், புதிய ரயருக்கும் தேய்ந்த ரயருக்கும் உள்ள வேறுபாட்டுக்கும் இடம் விட வேண்டும். ஆகவே கார் புதிதாயிருக்கும் நாளிலேயே முள் சற்று முந்தி நிற்கின்றது. இது தொழிலாளியின் கவனக்குறைவன்று, கவனத்தின் பயன். அதே சில்லின் சுழற்சியிலிருந்தே செய்தி பெறும் தூர எண்ணிக்கு இத்தகைய கட்டளை கிடையாது. அது முந்த வேண்டியதில்லை. ஒரே முகப்பில் அருகருகே அமைந்த இரண்டு கருவிகளுள் ஒன்று நடந்ததை எண்ணும் கணக்கப்பிள்ளை; மற்றையது நடக்கவிருப்பதை அஞ்சும் காவலாளி.

பிற்காலத்தில் காந்தக் கிண்ணமும் கம்பித்தண்டும் மறைந்தன. சில்லருகே பற்கள் கொண்ட வளையம் சுழல, உணர்கருவி அப்பற்களை எண்ணி மின்சைகையாக அனுப்ப, இலத்திரனியல் முறையில் முள்ளோ இலக்கமோ தோன்றும் காலம் வந்தது. வெப்பமும் வில்லும் தரும் பிழைகள் ஒழிந்தன. ஆயினும் முள் முந்துவது ஒழியவில்லை. ரயரின் நிலையாமையும் சட்டத்தின் கட்டளையும் எஞ்சியிருந்தன. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா, தன் செய்மதிகள் பொதுமக்களுக்கு அனுப்பும் சைகையில் பாதுகாப்புக் கருதி வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை நிறுத்தியது. அதன் பின்னர் செய்மதி வழி இடங்காட்டும் கருவிகள் மக்கள் கையிற் பரவின. சில்லை நம்பாது செய்மதியை நம்பும் அக்கருவி, சமமான நேர்வீதியிலே ஒரே வேகத்திற் செல்லும்போது உண்மை வேகத்தை மிக நெருங்கிக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்ட சாரதிகள் பலர், தம் வேகமானி பொய் சொல்கின்றது என்று அப்போதுதான் கண்டுகொண்டனர்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முந்த வைத்திருக்கும் வீட்டில், சில நாட்களுக்குள் எல்லோரும் அப்பத்து நிமிடத்தைக் கழித்தே நேரம் பார்ப்பர். முந்த வைத்ததன் பயன் போய்விடும். அதுபோலவே, முள் முந்துகின்றது என்று அறிந்த சாரதி, அம்மிகையைத் தானே கழித்துக்கொண்டு எல்லையைத் தாண்டி ஓட்ட முற்படலாம். ஆனால் தன் கார் எவ்வளவு முந்துகின்றது என்பதை அவர் திட்டமாக அறியார். ரயர் புதிதா தேய்ந்ததா, காற்று நிறைந்ததா குறைந்ததா, ஏற்றிய பாரம் எவ்வளவு என்பவற்றாலெல்லாம் அவ்வளவு மாறும். காவலுக்கென்று விடப்பட்ட இடைவெளியைச் செலவுக்கென்று எடுத்துக்கொள்பவர், வேலியை விறகாக்கிப் பயிரை இழப்பவர் போல்வர்.

முந்திக் காட்டும் முள்ளினாற் சாரதி இழப்பது எவ்வளவு? முள் 60 கிலோமீற்றர் காட்ட, உண்மையில் 56 கிலோமீற்றர் வேகத்தில் 60 கிலோமீற்றர் தூரத்தைக் கடப்பவர், ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ஏறக்குறைய ஒரு மணியும் நான்கு நிமிடமும் எடுப்பர். இழப்பு நான்கு நிமிடமே. முள் பிந்திக் காட்டினால் இழக்கப்படக்கூடியது நிமிடங்களாற் கணிக்கத்தக்கதன்று. 1896 இல் பூங்காவிலே நின்ற அம்மகளைப் போன்றவர்களே அதன் அளவை அறிவர்.

தராசின் நடுநிலைமையும் வேகமானியின் சாய்வும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் அவ்வாறல்ல. தராசிலே இரு தட்டுக்கும் உரியவர் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவர் பக்கம் சாய்வது மற்றவரிடமிருந்து பறிப்பதாகும். வேகமானியின் எதிரே சாரதி ஒருவரே அமர்ந்திருக்கின்றார். வீதியிலுள்ள மற்றையோர் அதனைப் பார்க்கவும் இயலாதவர். அவர்கள் சார்பிலே சட்டம் தன் விரலை வைத்து அம்முள்ளைச் சிறிது முன்னே தள்ளியிருக்கின்றது. தவறாத கருவியை ஆக்க மனிதனால் இன்னும் முடியவில்லை. தவறினாலும் உயிருக்குக் கேடு வராத பக்கமாகத் தவறும் கருவியை ஆக்க முடிந்திருக்கின்றது. கடலோடிகள் கயிற்றிலிட்ட முடிச்சிலிருந்து இம்முடிவுக்கு வந்துசேர ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் சென்றன.